கடைசி நிறுத்தத்து வீட்டின் விலை

டீச்சரம்மா சொன்ன விலையைக் கேட்டதும் டிரைவர் போனைக் காதிலிருந்து எடுத்து, சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, மறுபடி காதில் வைத்தார்.

"டீச்சரம்மா, இங்க சிக்னல் சரியில்ல. இன்னொரு தடவை சொல்லுங்க."

அது முழுப் பொய்யும் இல்லை. அந்த ஊரில் போன் பேச வேண்டுமென்றால் நிறுத்தி வைத்திருக்கிற பஸ்ஸின் பின்படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேட்டுப்பக்கம் முகத்தைத் திருப்பி நிற்க வேண்டும். டிரைவர் அப்படித்தான் தொற்றிக்கொண்டு நின்றார். டீச்சரம்மா இன்னொரு தடவை சொன்னார். விலையில் ஒரு மாற்றமும் இல்லை.

"வெளியில சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்றதுதான் முறைன்னு எனக்குத் தோணிச்சு. பன்னெண்டு வருஷமா சொந்த வீடு மாதிரி பாத்துக்கிட்டீங்க. என் மகன் சொன்ன விலை இது. மூணு மாசம் டைம் எடுத்துக்கோங்க."

நல்ல மனுஷி, குறை சொல்ல முடியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று டவுனுக்கு மகனோடு போய்விட்டவர். அவர் விட்டுப்போன வீட்டில்தான் டிரைவரும் மனைவியும் வாடகைக்கு இருந்தார்கள். பஸ் வந்து திரும்பும் கடைசி நிறுத்தத்தை ஒட்டிய வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, மழை வந்தால் கிழக்கு மூலையில் ஒரு வாளி. வீட்டு வாசலில் நின்று கையை நீட்டினால் பஸ்ஸின் பின்கண்ணாடியைத் துடைக்கலாம். இந்த வீட்டை என்றைக்காவது வாங்க வேண்டும் என்று புருஷன் பெண்டாட்டி இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தார்கள். நாதியற்ற இந்த ஊரில் ஒரு வீடு என்ன பெரிய விலை போய்விடப்போகிறது என்ற தைரியம்தான்.

இறங்கி வந்து மனைவியிடம் விலையைச் சொன்னார். தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"நம்ம கிட்ட இருக்கிறது?"

"பாதிக்கும் கீழ. மிச்சத்துக்கு, சாப்பிடாம கொள்ளாம என் சம்பளத்தை அப்படியே பதினாறு வருஷம் கொண்டுபோய்க் கொட்டணும்."

"பதினாறு வருஷத்துல உங்களுக்கு அறுபத்தாறு. அதுவரைக்கும் பட்டினியா இருந்துட்டுக் குடிபோனா, நல்லா இருக்கும், காத்தோட்டமா." இப்படிச் சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

டிரைவருக்கு அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது விலை இல்லை. ஏன் இந்த விலை என்பதுதான். மொத்தம் அறுபத்தோரு வீடு. ஒரு கடை, அதுவும் மத்தியானத்தோடு மூடிவிடும். ஆஸ்பத்திரி கிடையாது, பெரிய பள்ளிக்கூடம் கிடையாது, ஒரு முழம் நூல் வேண்டுமென்றால்கூட டவுனுக்கு ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். அதே டவுனில் பஜாருக்குப் பக்கத்தில், தண்ணீரும் லிஃப்டும் உள்ள மூன்று அறை ஃபிளாட்டை இதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு எதற்கு இத்தனை பணம்?

ஊரில் அவருக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். கோர்ட் வாசலைக்கூட மிதிக்காத ஆள்தான். ஆனால் அவர் ஓட்டும் பஸ்ஸுக்குக் கண்டக்டர் கிடையாது, டிக்கெட்டும் அவரே கிழித்துக் கொடுப்பார். கொடுக்கிற அந்த அரை நிமிஷத்தில் ஒரு கேள்வி கேட்காமல் யாரையும் உள்ளே விட்டதில்லை. "என்ன, கையில கட்டு? எந்த டாக்டர்? அவர் நல்லா பாக்கறாரா? முன்னாடி இவரையா பாத்தீங்க?" பின்னால் நிற்கிறவர் மழையில் நனைவார். அதனால் என்ன, அவருக்கும் ஒரு கேள்வி காத்திருக்கும்.

இப்போது அவருக்கு வாழ்க்கையிலேயே பெரிய கேள்வி கிடைத்துவிட்டது. விடுவாரா?

முதலில் மாட்டியவர் தரகர். அடுத்த வாரமே வீட்டைப் படமெடுக்க வந்தார். கழுத்தில் கேமரா, காலில் சேறு படாத ஷூ.

"இந்த ஊர்ல எதுக்கு சார் காசு?" என்றார் டிரைவர், வாசலை மறித்துக்கொண்டு.

"அமைதிக்குத்தான். இங்க சத்தமே இல்ல பாருங்க. அதுக்கு டவுன்ல என்ன கொடுத்தாலும் கிடைக்குமா?"

"தினம் காலையில அஞ்சே முக்காலுக்கு நான் வண்டியை ஸ்டார்ட் பண்றேனே, அதுக்கு ஏதாவது குறைச்சீங்களா?"

தரகர் சிரித்துவிட்டுத் தன் போனில் விளம்பரத்தைக் காட்டினார். சுத்தமான காற்று, அமைதியான சூழல், பரந்த வானம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஐந்தாவது வரியில் டிரைவரின் கண் குத்திட்டு நின்றது. வீட்டு வாசலிலிருந்தே டவுனுக்கு அதிகாலை நேரடிப் பேருந்து.

"இது என் பஸ்ஸு."

"ஆமா. அதுக்குத்தான் கொஞ்சம் கூடுதலா போட்டிருக்கோம்."

டிரைவருக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. தான் ஓட்டுகிற பஸ்ஸே தன்னை வீட்டைவிட்டுத் துரத்துகிறது என்பதை அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். அவளுக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை.

"சரி, வாங்கறது யாருன்னு யோசிச்சீங்களா? நம்மள மாதிரி ஆளா? நான் இந்த ஊர்ல எத்தனை வீட்டுக்கு ஜன்னல் திரை தச்சிருக்கேன் தெரியுமா? அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி மேட்டு வீட்டுக்குத் தச்சேனே, பச்சைப் பூப் போட்டது. இழுத்து விட்டது விட்டபடியே இருக்கு. திறக்கறதுக்கு ஆள் இல்ல."

இது அவருக்குப் புதுச் செய்தி. மறுநாளிலிருந்து காலையில் வண்டியை எடுக்கும்போது மெதுவாக உருட்டி, இரண்டு பக்கமும் சமையலறை விளக்குகளை எண்ண ஆரம்பித்தார். திங்கள் இருபத்தெட்டு. செவ்வாய் இருபத்தேழு. புதன் இருபத்தெட்டு. சனிக்கிழமை மட்டும் ஐம்பதைத் தொட்டது. பன்னிரண்டு வருஷமாக அந்தத் தெருவில் தினம் நான்கு தரம் போய் வருகிறார், பாதி ஊர் வாரம் முழுக்கப் பூட்டிக் கிடப்பது கண்ணில் படவேயில்லை. அத்தனை வீடும் வெள்ளை அடித்துப் பளிச்சென்று இருந்ததுதான் காரணம்.

வீடு பார்க்க வந்தவர்களில் ஒரு கண் டாக்டரும் அவர் மனைவியும் இரண்டாம் முறையும் வந்தார்கள். மரியாதையான மனிதர்கள். டாக்டர் மழைநீர் ஒழுகும் மூலையைத் தொட்டுப் பார்த்து, "பரவாயில்ல, சரி பண்ணிக்கலாம்" என்றார். அந்த மூலைக்கு வாளி வைத்துத் தேய்ந்துபோன டிரைவரின் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

"இங்க வந்து என்ன பண்ணுவீங்க டாக்டர்?" என்றார் வக்கீல்.

"ஒண்ணும் பண்ண மாட்டோம். அதுக்குத்தான் வரோம். மாசத்துல ரெண்டு தடவை வந்து, சும்மா உட்கார்ந்திருக்கணும்."

"மாசத்துல நாலு நாள் சும்மா உட்கார இவ்வளவு விலையா?"

டாக்டர் கோபப்படவில்லை. "டவுன்ல எங்க வீட்டை வாங்கினப்போ இருந்த விலை இப்போ நாலு மடங்கு. அதுமேல கடன் வாங்கினா இது எங்களுக்குப் பெரிசாத் தெரியல. அதைவிட, இந்த மாதிரி ஊர்ல வீடு விலைக்கு வர்றதே இல்ல. ரெண்டு வருஷமா தேடறோம். எங்க போனாலும் ஒரு வீட்டுக்கு பத்துப் பேர் நிக்கறாங்க."

அப்படியென்றால் பிரச்சினை பணக்காரர்கள் வருவது மட்டும் இல்லை, வீடு பத்தாததுதான். இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே, ஏன் யாரும் வீடு கட்டவில்லை? இந்தக் கேள்வியோடு அவர் மறுநாள் கொத்தனாரைப் பிடித்தார்.

கொத்தனார் தினம் காலை ஏழேகாலுக்கு டவுனில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தத்தில் இறங்குவார். ஊருக்குள் எந்த வீட்டுக்கு மதில் சுவர் வைத்தாலும் அவர் கைதான். டிரைவரைவிட ஐந்தாறு வயசு மூத்தவர். அதிகம் பேசமாட்டார்.

"இங்க வீடு கட்டறது கஷ்டமா அண்ணே?"

"கஷ்டம்தான். செங்கல், மணல், கம்பி எல்லாம் நாப்பது கிலோமீட்டர் ஏறி வரணும். உன் பஸ்ல வந்தா ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரு டிக்கெட் கிழிப்ப. தண்ணிக் குழாய் இழுக்கணும், கழிவுக் குழி தோண்டணும். டவுன்ல ரெண்டு வீடு கட்டற காசு."

"சரி, ஆனா ஒண்ணுகூடக் கட்டலையே. பதினஞ்சு வருஷமா புது வீடே வரல. அது ஏன்?"

கொத்தனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு பதில் ஊர் ஆபீஸ் பீரோவுல இருக்கு. நான் சொல்றதைவிட நீயே போய்ப் படி."

ஊர் ஆபீஸ் என்பது கடைக்கு மேலே ஒரே அறை. நிலம், வரி, கட்டட அனுமதி, பிறப்பு இறப்பு எல்லாம் அங்கேதான். எழுத்தர் ஒரு சின்னப் பெண், வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கேள்வி கேட்டுக்கொண்டு யாராவது வர மாட்டார்களா என்று காத்திருந்தவள்போல, பீரோவைத் திறந்து ஒரு தடிமனான காகிதக் கட்டை மேஜையில் போட்டாள்.

"இதோ அண்ணா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி வந்த மனு. உங்க கடைசி நிறுத்தத்துக்கு எதிர்ல காலியா கிடக்கே, அந்த நிலம். இருபத்துநாலு சின்ன வீடு. இந்த ஊர்ல வேலை செய்யறவங்களுக்கு முன்னுரிமைன்னு போட்டிருக்கு. விலை இது."

டிரைவர் அந்த எண்ணைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்பு அவர்கள் கையில் இருந்த சேமிப்போடு இன்னும் கொஞ்சம் கடன் வாங்கியிருந்தால் போதும்.

"அப்புறம் ஏன் கட்டல?"

"ஊர்க்காரங்க ஆட்சேபம். நாப்பத்தேழு கையெழுத்து. அத்தனை பேர் எதிர்த்தா மேலிடத்துல மனுவைத் தள்ளிடுவாங்க. இந்தச் சின்ன ஊர்ல நாப்பத்தேழு பேர்னா அதுவே போதும்."

"யார் அந்த நாப்பத்தேழு பேர்?" என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பினார். வக்கீல் குற்றவாளியைப் பிடித்துவிட்ட உற்சாகம் குரலில் இருந்தது.

முதல் கையெழுத்து அவருடையது.

நன்றாகத் தெரிந்த கையெழுத்து, தினமும் டிப்போ புத்தகத்தில் போடுகிற அதே கோணல் கோடு. எட்டாவது அவர் மனைவி.

அவருக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. ஊரில் ஒரு பழக்கம் உண்டு. எந்த மனுவாக இருந்தாலும், தெரு விளக்கோ குடிநீரோ, ஒரு அட்டையில் செருகி, பேனாவை நூலில் கட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியில் தொங்க விடுவார்கள். எல்லாரும் ஏறுகிற வண்டி அது ஒன்றுதானே. முதல் கையெழுத்தை டிரைவர் போடுவார். அவர் போட்டுவிட்டால் மற்றவர்கள் படிக்காமலே போடுவார்கள், வக்கீல் கேட்காத கேள்வியா என்ற நம்பிக்கை. இதையும் அப்படித்தான் தொங்கவிட்டார்கள். கடைக்காரர் கொண்டுவந்து, "எதிர் நிலத்துல வீடு வந்தா நீங்க வண்டி திருப்பற இடம் போயிடும்" என்றார். வண்டி திருப்பும் இடம் போய்விடுமாம்! டிரைவருக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. போட்டார். போட்டதோடு விட்டாரா? ஒரு வாரம் ஏறுகிறவர்களையெல்லாம், "கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டுக் கேட்டுப் போடவைத்தார்.

"வரைபடம் இருக்காம்மா?" என்றார்.

எழுத்தர் மேஜை முழுக்க ஒரு பெரிய தாளை விரித்தாள். இருபத்துநாலு கட்டங்கள், நடுவில் பாதை. நிறுத்தம் இருக்கிற இடத்தில் ஒரு வட்டம் போட்டு, பேருந்து திரும்புமிடம் என்று எழுதியிருந்தது. இப்போது இருப்பதைவிட ஒன்றரை மடங்கு பெரியது. பக்கத்தில் பயணிகள் நிற்க ஒரு கூரைகூட வரைந்திருந்தார்கள்.

பன்னிரண்டு வருஷமாக அந்தக் குறுகலில் வண்டியை முன்னே பின்னே ஐந்து தரம் ஒடித்துத் திருப்புகிறவருக்கு அந்த வட்டத்தைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் எவனுக்குக் கட்டு, எவனுக்குக் காய்ச்சல் என்று துருவித் துருவிக் கேட்கத் தெரிந்த ஆள், அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி, படம் எங்கே என்று கேட்கவில்லை.

தாளின் பின்னால் வீடு கேட்டு முன்பணம் கட்டியவர்களின் பட்டியல் இருந்தது. நான்காவது பெயர் கொத்தனாருடையது. அன்றைய முகவரி இதே ஊர்தான், மேட்டு வீட்டின் பின்கட்டு. மேட்டு வீட்டைப் பச்சைப் பூத் திரைக்காரர்கள் வாங்கியதும் பின்கட்டை இடித்து காருக்கு இடம் பண்ணியது டிரைவருக்குத் தெரியும். அங்கே குடியிருந்தவர் எங்கே போனார் என்றுதான் கேட்டதே இல்லை. அந்த ஆள் தினம் டிரைவரின் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துதான் வந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, தண்ணி வேணுமா?" என்றாள் எழுத்தர்.

"வேணாம்மா."

"இன்னொண்ணு சொல்லணும். நிலத்துக்காரர் இந்த மாசம் மறுபடி மனு போட்டிருக்கார். அதே வரைபடம். தொண்ணூறு நாளைக்குள்ள ஆட்சேபம் சொல்லலாம். ஆதரிச்சும் எழுதித் தரலாம். ஆனா இதுவரைக்கும் யாரும் ஆதரிச்சு எழுதினதா ரெக்கார்டே இல்ல."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். எட்டாவது கையெழுத்து எதற்காகப் போட்டாய் என்றும் கேட்டார், விட மனசில்லாமல்.

"நீங்கதான் போடச் சொன்னீங்க. அதுவும் தவிர, எதிர்ல கட்டடம் கட்டினா தூசி வருமே, வெள்ளைத் துணியெல்லாம் என்ன ஆகும்னு நினைச்சேன்." மிஷினிலிருந்த துணியை உருவி மடித்தாள். "தூசிக்கு பயந்து வீட்டை விட்டுட்டோம், இல்ல?"

அவளுக்கு தூசி, அவருக்கு வண்டி திருப்பும் இடம், கடைக்காரருக்கு இரண்டாவது கடை வந்துவிடுமோ என்ற பயம். ஆளுக்கு ஒரு சின்னக் காரணம். யாரும் யாரையும் விரட்ட நினைக்கவில்லை. ஆனால் நாற்பத்தேழு சின்னக் காரணங்கள் சேர்ந்து அறுபத்தோரு வீட்டையும் யாரும் எட்ட முடியாத உயரத்தில் தூக்கி வைத்துவிட்டன.

டீச்சரம்மாவின் வீட்டைக் கண் டாக்டர் வாங்கினார். டீச்சரம்மா போனில் இரண்டு தரம் வருத்தப்பட்டார், டிரைவரும் பின்படியில் தொங்கிக்கொண்டு பரவாயில்லை என்றார். ஊரில் வேறு வாடகை வீடு தேடி அலைந்தார். பூட்டிய வீடு முப்பதுக்கு மேல் இருந்தது, வாடகைக்கு விடுகிற வீடு ஒன்றும் இல்லை. டிப்போவில் மேலாளர் கணக்காகச் சொல்லிவிட்டார்: டிரைவர் அங்கே தங்கினால்தான் வண்டியை ராத்திரி அங்கே நிறுத்த முடியும். அவர் டவுனுக்கு வந்துவிட்டால் வண்டியும் டவுனில்தான் நிற்கும். முதல் பஸ் காலை ஏழேகாலுக்கு டவுனில் கிளம்பி, எட்டரைக்குத்தான் ஊரைத் தொடும். வேறு டிரைவரைப் போடுங்கள் என்றார் இவர். அவன் எங்கே தங்குவான் என்று கேட்டார் மேலாளர்.

டவுனில் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒன்றரை அறை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் டாக்டரின் மனைவி வந்து டிரைவரின் மனைவியிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். இந்த ஊரில் நல்ல திரை தைக்கிறவர் நீங்கள்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள், இந்த வீட்டு ஜன்னல்களுக்கும் தைத்துத் தர முடியுமா, அளவு எப்போது எடுத்துக்கொள்வீர்கள்?

"அளவெடுக்க வேணாம்மா. எனக்கு மனப்பாடம்."

அந்தம்மா போன பிறகு அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவளே எழுந்து, துணி எத்தனை மீட்டர் என்று கணக்குப் போட்டாள்.

முதல் திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அவர் வண்டி ஊருக்குள் நுழைந்தபோது நிறுத்தத்தில் பதினொரு பேர் நின்றார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள், காலேஜ் பிள்ளைகள், காய்க்கூடையோடு இரண்டு பேர். கூடையில் கீரை வாடியிருந்தது. "அஞ்சே முக்காலுக்கே வந்து நிக்கறோம் வக்கீல்" என்றாள் ஒருத்தி. "பஸ் இனிமே இவ்வளவு நேரம் கழிச்சுத்தான் வருமா? ஏன்?" அந்த ஊரில் அவரைப் பார்த்து ஒருவர் ஏன் என்று கேட்டது அன்றுதான் முதல் தடவை.

கடைக்காரர் கையில் அட்டையோடு படியேறினார். பேனா, நூல் எல்லாம் தயார்.

"எதிர் நிலத்துக்காரன் மறுபடி மனு போட்டிருக்கான். போன தடவை உங்க கையெழுத்துலதான் ஜெயிச்சோம். போடுங்க, இங்கேயே கட்டிடறேன்."

"படம் இருக்கா?" என்றார் டிரைவர்.

"என்ன படம்?"

"எங்கே என்ன வருதுன்னு ஒரு படம். நான் கேக்காம விட்டது அது ஒண்ணுதான்."

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார்.

மறுநாள் டிரைவர் எழுத்தரிடம் வரைபடத்தின் நகல் ஒன்று வாங்கி, மனைவி அதன் ஓரங்களைத் திரைத் துணியால் மடித்துத் தைத்துக் கொடுக்க, சீட்டுக்குப் பின்னால் கம்பியில் கட்டினார். அதன் கீழே ஒரு வெள்ளைத் தாள். மேலே எழுத்தர் தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள்: இந்த வீடுகள் எங்களுக்கு வேண்டும், கீழே கையெழுத்திட்டவர்கள். பேனாவும் நூலும்.

ஏழேகாலுக்கு டவுனில் கொத்தனார் ஏறினார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு தன் சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணெதிரே அந்தப் படம் தொங்கியது. வெகுநேரம் பார்த்தார். விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டார். நான்காவது கட்டம்.

டிரைவர் இன்னும் வண்டியை எடுக்கவில்லை. திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல? ஆறு வருஷமா என் முதுகைப் பாத்துக்கிட்டே வந்தீங்களே."

"நீ கேக்கலையே."

"நான் கேக்காத கேள்வியா?"

"ஏறுறவங்க எல்லாரையும் கேட்ட. எங்க வீட்டுச் சோறு, என் கால் வலி எல்லாம் கேட்ட. இந்த ஊர்லயே இருந்தவன் ஏன் தினம் டவுன்லேருந்து ஏறுறேன்னு மட்டும் நீ கேக்கல. பேனாவை எங்கிட்டயும் நீட்டின. நான் வேணாம்னேன். எனக்குத்தான் ஊர் மேல அக்கறை இல்லன்னு சொல்லிச் சிரிச்ச."

சிரித்தது டிரைவருக்கு ஞாபகம் இருந்தது. வண்டியில் இருந்தவர்களும் கூடச் சிரித்தார்கள்.

"தப்புதாண்ணே" என்றார். பேனாவை எடுத்து நீட்டினார். "இந்தத் தடவை முதல் கையெழுத்து நீங்க போடுங்க. அதுதான் சரி."

கொத்தனார் பேனாவை வாங்கவில்லை. சிமெண்ட் காய்ந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ போடு. முதல்ல போட்டு ஊரையே போட வைக்கிறது உனக்குத்தான் கைவந்த வேலை. நான் நாலாவதா போடறேன்."

டிரைவர் தாளைக் கம்பியிலிருந்து அவிழ்த்து ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ, நேரமாச்சு வக்கீல் என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒவ்வொரு சொல்லாகப் படித்து முடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.